வெண்ணிலா பார்த்த சூரியன்

வெண்ணிலாவும் நானும் விழுப்புரத்தில் ஒரே கல்லூரியில், ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் இயற்பியல், நான் தமிழ். இரண்டு பேருக்கும் வீடு திண்டிவனத்தில். காலை பாசஞ்சரில் ஒன்றாகப் போய் மாலையில் ஒன்றாகத் திரும்புவோம். காலையில் ரயிலில் கிழக்குப் பக்கத்து ஜன்னலோரம் எப்போதும் காலியாக இருக்கும். வெயில் முகத்தில் அடிக்கும் என்று எல்லோரும் எதிர்ப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெண்ணிலா மட்டும் ஏறியதும் நேரே வெயிலில் போய் உட்காருவாள். அவளோடு பேசவேண்டும் என்றால் நானும் காயவேண்டியதுதான்.

"பேரு வெண்ணிலா, பார்க்கிறது சூரியனா?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். அவளுக்கே அது சிரிப்புதான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்துப் பெண். சிரித்தால் தோள், கை, தலை எல்லாம் சேர்ந்து குலுங்கும். மழை மூட்டம் போட்டால் மட்டும் யாரிடமும் பேச மாட்டாள். தொண்ணூற்றைந்தில் தீபாவளியை ஒட்டி சூரிய கிரகணம் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இவள் தென்னங்கீற்று நிழலில் நின்று, கீற்றின் இடுக்குகள் வழியாகத் தரையில் விழுந்த ஒளிப்பொட்டுகள் ஒவ்வொன்றும் பிறை பிறையாக மாறுவதைப் பார்த்தாளாம். "ஒரு சூரியன் நூறு சூரியனா தரையில கெடந்துச்சி அம்சா. அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போனபோது துறைத் தலைவர் சிரித்தார். "சூரியனைப் பத்தி ஆராய்ச்சி பண்றதுக்குத் திண்டிவனத்துல என்னம்மா இருக்கு?"

"சூரியன் இருக்குங்க சார்" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருந்தாள். அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது, பார்வை போய்விடும். பின்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் அதில் தட்டு அளவுக்குச் சூரியன் வந்து விழும். அதில் மிளகைச் சிதறியதுபோல் கரும்புள்ளிகள். தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்புமுன் அவற்றைப் பென்சிலால் வரைவாள். முதல் தடவை பார்த்தபோது அட்டையில் தூசி என்று நினைத்து நான் ஊதினேன். வெண்ணிலா சிரித்த சிரிப்பில் தொலைநோக்கியே ஆடிவிட்டது.

"அந்தத் தூசி ஒண்ணு ஒண்ணும் நம்ம பூமியைவிடப் பெருசு" என்றாள்.

அவள் ஆராய்ந்தது இதுதான். சில புள்ளிகள் நகர்வதோடு, இருந்த இடத்திலேயே மெல்லத் தம்மைத் தாமே சுற்றிக்கொள்கின்றன. அப்படிச் சுற்றுகிற புள்ளிகள்தான் பெரிதாக வெடிக்கின்றனவா? இதை எனக்குப் புரியவைக்க அவள் அப்பா வயலில் கயிறு முறுக்குவதைச் சொன்னாள். "முறுக்கிக்கினே போனா ஒரு கட்டத்துல கயிறு தானா சுருண்டு துள்ளும் இல்ல? அந்தப் புள்ளியில இருக்கிற காந்தப் புலமும் அப்படித்தான். அதிகமா முறுக்கினா அறுந்துக்கும். அப்பக் கெளம்புற வெளிச்சமும் கதிரும் எட்டு நிமிஷத்துல இங்க வந்துடும்."

அவள் கணவர் அருள் திண்டிவனத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியவர். கடையின் பின்னறையில் இருந்த கருவியில், மாடியில் கட்டிய கம்பி வழியாக, எங்கெங்கோ இருக்கிறவர்களோடு பேசுவார். மனைவிக்குச் சூரியன், கணவனுக்கு ரேடியோ. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை அவர்களே முழுசாக உணர்ந்தது இரண்டாயிரத்து மூன்று அக்டோபரில். அப்போது சூரியனில் வந்த புள்ளிகள் கிரகணம் பார்க்கிற கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாலே தெரிகிற அளவுக்குப் பெரியவை. ஒரு மாலை, சுதாகர் என்ற சென்னை நண்பரோடு அருள் பேசிக்கொண்டிருந்தபோது சத்தம் அப்படியே அறுந்துபோனது. அருள் கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டார். கடைக்கு வந்த வெண்ணிலா, "உங்க மெஷின்ல ஒண்ணும் இல்லங்க. சூரியன்ல அது வெடிச்சிருக்கு" என்றாள். ரொம்ப நாள் அதைச் சுதாகரிடமும் சொல்லிச் சொல்லி அவரைக் கிண்டல் செய்தாள்.

அடுத்த வருஷ முடிவில் கடல் வந்தது.

மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பங்களில் வீடும் படகும் ஆளும் போன கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் குப்பங்களிலிருந்து அந்தமான், நிக்கோபார் பக்கம் வேலைக்குப் போயிருந்த ஆண்கள் நிறைய. அங்கே தொலைபேசிக் கம்பங்களே இல்லை. இருந்தாலும் யாருக்குப் போன் பண்ணுவார்கள்? இங்கே வீடே இல்லையே. சுதாகர் ஒரு ரேடியோவும் பேட்டரியுமாகக் கப்பலேறி, நிக்கோபாரில் ஒரு தீவில் இருந்த முகாமுக்குப் போய்விட்டார். அவர் அங்கிருந்து உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்களைச் சொல்ல, இங்கே அருள் கடையில் நாங்கள் எழுதிக்கொள்வோம். பொங்கல் விடுமுறை என்பதால் நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதுதான் என் தகுதி.

கடைக்கு வெளியே எப்போதும் கூட்டம். அதில் அஞ்சம்மாள் என்ற பெண் தினமும் வருவாள். நாற்பது வயதிருக்கும். வீடு, படகு, வலை எல்லாம் போய்விட்டது. தம்பி முருகையன் நிக்கோபாரில் பாலம் கட்டுகிற வேலைக்குப் போனவன். அவள் அழுது நான் பார்க்கவில்லை. காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவாள், கடை வாசலை ஒரு தடவை பெருக்குவாள், உட்கார்ந்துகொள்வாள். "பேரு வந்துச்சா தம்பி?" என்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை கேட்பாள். "இன்னும் இல்லக்கா" என்பார் அருள். எழுந்து போய்விடுவாள்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் மதியம். சுதாகரின் குரல் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவர், "அடுத்து முருகையன். ஊரு மரக்காணம் பக்கம் குப்பம். வயசு முப்பத்திரண்டு. இவரு..." என்றார்.

அவ்வளவுதான். குரல் நின்றது.

வழக்கமாக ஆள் பேசாவிட்டாலும் ரேடியோவில் மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலும் வற்றிப்போனது. வாசலில் இருந்த அஞ்சம்மாள் அந்தப் பெயரைக் கேட்டு எழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

"இவருன்னா? இவருக்கு இன்னாவாம்?" என்றாள் அஞ்சம்மாள்.

அருள் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. குமிழைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. "இன்னா பேஜாரு இது, மொத்தமா படுத்துக்கிச்சே" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வாசலில் ஒருவர், "பாதியில நின்னா நல்ல சேதி இல்லம்மா" என்று முணுமுணுத்தார். நான் அவரை முறைத்தேன்.

வெண்ணிலாவுக்கு நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் போனபோது அவள் மாடியில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கொஞ்ச நாளாக ஒரு புள்ளிக் கூட்டம் அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. சூரியனின் ஓரத்தில் சின்னதாக வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதிப் பெருத்துவிட்டது என்றும், முறுக்கு ஏறிக்கொண்டே போகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "இரைச்சல் இருந்துச்சா, அதுவும் போச்சா?"

"அதுவும் போச்சி."

அட்டையை அப்படியே கீழே வைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் கிளம்பினாள்.

கடைக்குள் நுழைந்ததும், "அதைக் கழட்டாதீங்க" என்றாள். அருள் ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டிருந்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. அங்க சுதாகர் அண்ணனும் நல்லாத்தான் இருப்பாரு. அது வெடிச்சிடுச்சிங்க."

பிறகு எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். ரேடியோ அலை நேராகத் தீவுக்குப் போவதில்லை. மேலே ஆகாயத்தில் ஒரு படலத்தில் பட்டுத் திரும்பித்தான் அங்கே இறங்கும். சூரியனில் வெடித்தபோது வந்த கதிர், அந்தப் படலத்துக்குக் கீழே அலையை விழுங்கிவிடுகிற இன்னொரு படலத்தைத் தடிப்பாக்கிவிட்டது. அலை மேலே போகுமுன்னே செத்துவிடுகிறது.

"எப்ப சரியாவும்?" என்றார் அருள்.

"ஒரு மணி நேரமும் ஆகலாம், பொழுது சாயறவரைக்கும் ஆகலாம். ஆனா பெரிய நம்பர் இருக்கிற மேல் அலைவரிசைதான் மொதல்ல திறக்கும். கீழ இருக்கிறதத்தான் அது ரொம்ப விழுங்கும். நீங்க மேல போயிக் கூப்பிட்டுக்கினே இருங்க."

"நாம மேல போறோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பேட்டரியை மிச்சம் பண்ண ஆஃப் பண்ணிட்டா?"

"அது எனக்கும் தெரியல. ஆனா நாம கூப்பிடலன்னா நிச்சயமா கெடைக்காது."

அருள் கழற்றின திருகாணியைத் திரும்பப் போட்டார். அலைவரிசையை மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிடுவார், காது கொடுப்பார், மறுபடி கூப்பிடுவார். வெறும் மௌனம்.

அஞ்சம்மாள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. வெண்ணிலா அவள் கையைப் பிடித்தாள். "யக்கா, இங்க நின்னுக்கினு இருந்தா உனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். எங்கூட வா. எது உன் தம்பி பேச்சைப் பாதியில நிறுத்துச்சின்னு காட்டறேன்."

மூன்று பேரும் அவள் வீட்டு மாடிக்குப் போனோம். வெண்ணிலா அட்டையை மறுபடியும் பிடித்தாள். வெள்ளையில் வட்டமாகச் சூரியன் வந்து விழுந்தது. நடுவில் அந்தப் புள்ளிக் கூட்டம். ஒரு பெரிய கறுப்பு, பக்கத்தில் அதை இடித்துக்கொண்டு இன்னொன்று, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கிழிசல்.

அஞ்சம்மாள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். "தெனம் இது மூஞ்சியில முழிச்சிட்டுத்தான் கடலுக்குப் போறோம். இதுக்குள்ள இவ்ளோ கெடக்குதா?" என்றாள். பிறகு, "கடலுந்தான் அன்னிக்கிச் சும்மா இருந்துச்சி. வர்றதுக்கு முன்ன யாருக்கும் சொல்லல. இது சொல்லுமா?"

வெண்ணிலா நினைத்திருந்தால் அந்த நேரத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "சொல்லுதுக்கா. ஆனா எனக்கு அதோட பாஷை பாதிதான் தெரியும். மீதியைத்தான் படிச்சிக்கினு இருக்கேன்" என்றாள்.

நான் தமிழ் படித்தவள். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். எல்லாம் இழந்து நிற்கிற ஒருத்திக்கு முன்னால் தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அவ்வளவு துல்லியமாகப் பிரித்துச் சொன்ன இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

கடைக்குத் திரும்பியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. அருளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. இருந்தும் விடவில்லை. திடீரென்று கையை உயர்த்தினார். இரைச்சல் மெல்லத் திரும்பியிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"...அருளு... அருளு... கேக்குதா..."

"கேக்குது! கேக்குது! எப்படிடா மேல வந்த?"

"உன் வீட்டம்மா அந்த அக்டோபர்ல சொன்னாங்களே, அது ஞாபகம் வந்துச்சி. ஒருவேளை சூரியனா இருக்கும்னு ஒவ்வொண்ணா மேல ஏறி வந்தேன்."

அருள் வெண்ணிலாவைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"டேய், முருகையன். முருகையனைச் சொல்லு மொதல்ல."

"கால் முறிஞ்சிருக்கு. மாவுக்கட்டுப் போட்டிருக்காங்க. மத்தபடி நல்லா இருக்காரு. இதோ பக்கத்துலதான் ஒக்காந்துக்கினு இருக்காரு."

கடையில் எழுந்த சத்தத்தில் அடுத்தது கேட்கவில்லை. அஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "முருகையன்னு ஊருக்கு நாலு பேரு இருக்கான் தம்பி. எங்கம்மா பேரு இன்னான்னு கேளு" என்றாள்.

அருள் கேட்டார். தீவில் பேசிக்கொள்ளும் சத்தம் வந்தது. பிறகு சுதாகர்: "கெங்கம்மாள்னு சொல்றாரு. வலையெல்லாம் எப்படி இருக்குன்னு கேக்கறாரு."

அப்போதுதான் அஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் வெளியே வந்தது. அழுகைக்கு நடுவே, "வலையும் இல்ல, போட்டும் இல்ல. நான் இருக்கேன்னு சொல்லு தம்பி. நான் இருக்கேன்" என்றாள்.

அன்று மாலையே வெண்ணிலா இன்னொரு காரியம் செய்தாள். அந்தப் புள்ளிக் கூட்டம் இன்னும் சில நாள் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும், முறுக்கு தீரவில்லை, மறுபடியும் வெடிக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னாள். மருந்து, ஆட்களை வேறு முகாமுக்கு மாற்றுவது போன்ற அவசரச் செய்திகளை வெயில் ஏறுமுன் அனுப்பிவிட வேண்டும். சத்தம் செத்தால் கருவியைத் தொடாமல் இரண்டு பக்கமும் மேலே ஏறிக் காத்திருக்க வேண்டும். அருளும் சுதாகரும் அப்படியே பேசி வைத்துக்கொண்டார்கள். கரையோரத்தில் இருந்த மற்ற ரேடியோக்காரர்களும் கேட்டுக்கொண்டார்கள். காலையில் புள்ளி எப்படி இருக்கிறது என்று அவள் எழுதிக் கொடுப்பதை அருள் ரேடியோவில் வாசிப்பார். அதற்கு அவர்களே 'சூரியச் செய்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. "இன்னாம்மா, உன் சூரியன் தூங்கிட்டாரா?" என்று பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் கேலி செய்தார். வெண்ணிலா கோபித்துக்கொள்ளவில்லை. "தூங்கட்டும். எனக்கும் அதுதான் வேணும்" என்றாள். அதற்குப் பின் ஒரு நடுமதியம், முன்னதைவிடப் பெரிதாக வெடித்தது. இந்தியா முழுக்க வெயில் உச்சியில் நின்ற நேரம். சிற்றலை ரேடியோ அப்படியே ஊமையானது. இந்தத் தடவை யாரும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. அருள் டீ சொன்னார். டீயைக் குடித்துவிட்டு மேல் அலைவரிசைக்கு ஏறிக் கூப்பிட ஆரம்பித்தார். தீவுக்கு வேண்டிய மருந்துகளின் பெயர்களெல்லாம் காலையிலேயே போய்விட்டிருந்தன.

அன்று மாலை வெண்ணிலா என்னை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். விண்வெளியில் இருக்கிற ஒரு கலம் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறதாம். அது எடுக்கிற படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். படம் கோடு கோடாக, உயிரை வாங்கிக்கொண்டு இறங்கியது. சூரியனை ஒரு தட்டு மறைத்திருக்க, அதைச் சுற்றிலும் வெண்மையாக விரிந்த ஒளி. அடுத்தடுத்த படங்களில் அது புகைபோல் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கடைசிப் படங்கள் முழுக்கப் பனி கொட்டியதுபோல் வெள்ளைப் பொட்டுகள்.

"படம் கெட்டுப் போச்சே" என்றேன்.

"கெட்டுப் போகல. சூரியன்லேர்ந்து வந்த துகள் அந்தக் கேமரா மேலயே வந்து அடிக்குது. அதைத்தான் பார்த்துக்கினு இருக்கோம்." அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "சுத்தி வெள்ளையா இருக்குதே, அதான் கொரோனா. சூரியனோட மேற்பரப்பைவிட அது பல மடங்கு சூடு. அடுப்பைவிட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு ஏறுமா? ஏறுது. ஏன்னு யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது." அதற்குத் தமிழில் ஒளிமகுடம் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். நல்லா இருக்கே என்றாள். கடைசிவரை கொரோனா என்றேதான் சொன்னாள்.

ஒரு டிவிக்காரர் வந்தார். "சூரிய வெடிப்பை முன்கூட்டியே சொன்ன திண்டிவனம் பெண்மணி என்று போடலாமா?" என்று கேட்டார். "போடாதீங்க. வெடிக்கலாம்னுதான் சொன்னேன். எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியாது. அது தெரிஞ்சா நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டாள். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

அந்த ரேடியோக்காரர்கள் அத்தனை பேரும் சத்தம் எப்போது போனது, எந்த அலைவரிசை எப்போது திரும்பியது என்று அவளுக்கு எழுதி அனுப்பினார்கள். அவற்றையும் தன் படங்களையும் சேர்த்து வைத்து வேலை செய்தாள். மூன்று வருஷம் கழித்து முனைவர் பட்டம் கிடைத்தது. சுற்றுகிற புள்ளிகள் அதிகம் வெடிக்கின்றன. ஆனால் சுற்றுகிற எல்லாமும் வெடிப்பதில்லை என்பது அவள் முடிவு. "பாதி பதில்தான்" என்றாள். துறைத் தலைவர் கல்லூரி முழுக்க லட்டு கொடுத்தார். இடையில் அவளும் பரீட்சை எழுதி ரேடியோ உரிமம் வாங்கிவிட்டாள்.

பட்டம் வாங்கிய கையோடு சூரியன் வெறுமையானது. வாரக்கணக்கில் ஒரு புள்ளியும் இல்லை. அவள் தினமும் மாடியேறி வெறும் வட்டம் வரைந்தாள். "எதுக்கு?" என்று கேட்டேன். "இல்லைங்கிறதும் சேதிதானே" என்றாள்.

இரண்டாயிரத்து ஒன்பது ஜூலையில் முழு சூரிய கிரகணம் வந்தது. வெண்ணிலா, அருள், நான் மூன்று பேரும் காசிக்கு ரயிலேறினோம். மழைக்காலம். அவள் வழியெல்லாம் மேகத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள். விடியற்காலை கங்கைக் கரையில் லட்சம் பேர். கிழக்கே மேகம் விலகியிருந்தது. சூரியன் தேய்ந்து தேய்ந்து ஒரு கீற்றாகி, அந்தக் கீற்றும் அணைந்தது. கரை முழுக்க ஒரே ஓலம். மைபோல் ஒரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றி, இரண்டு பக்கமும் நீண்ட சிறகு விரித்ததுபோல் வெள்ளி நிறத்தில் அந்தக் கொரோனா நின்றது. கண்ணால் பார்க்க முடிந்தது. எந்த அட்டையும் வேண்டியிருக்கவில்லை.

படமெடுக்கத்தான் அத்தனை சாமான்களையும் சுமந்து வந்தாள். கேமராவைத் தொடவே இல்லை. ஒரு கையால் அருளையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். மூன்று நிமிஷம் மூன்று நொடிபோல் போனது. ஓரத்தில் ஒரு வைரம் மின்னியது. வெளிச்சம் திரும்பியது. பறவைகள் கத்தின. அவள் முகமெல்லாம் கண்ணீர்.

"பத்து வருஷமா அதோட மூஞ்சியைத்தான் பார்த்துக்கினு இருந்தேன் அம்சா" என்றாள். "கூந்தலை இப்பத்தான் பார்க்கிறேன்."

திரும்பி வரும் ரயிலில், புள்ளிகள் இல்லாத காலத்தில் கொரோனா ஏன் அப்படிச் சிறகுபோல் இருக்கிறது, இனி வரப்போகிற புள்ளிகள் முதலில் எங்கே முளைக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது ஆந்திராவில் ஏதோ ஒரு ஸ்டேஷன். அருள் எதிர்ப் படுக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வெண்ணிலா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஏறிய ஓர் அம்மாள், தெலுங்கு மட்டுமே தெரிந்தவர், மடியில் விரித்த செய்தித்தாளின் ஓரத்தில் இவள் வரைந்த சூரியனைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.